சிங்கப்பூரில் இன்வாய்ஸ் பணம் வரவில்லையா? நீங்களே வழக்குத் தொடுக்கலாம்

வேலையை முடித்துக் கொடுத்த பிறகு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பதிலையே மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட சிறிய தொகைக்கு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் (Small Claims Tribunals) நீங்களே வழக்குப் போடலாம். அங்கே இரண்டு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. எதிரில் இருப்பது பெரிய நிறுவனமே ஆனாலும் அதன் ஊழியர்தான் வந்து பேச வேண்டும்.

1. தொகையையும் தேதியையும் பாருங்கள். கோரிக்கை 20,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை போகலாம். பாக்கி 22,000 என்றால் 2,000-ஐ விட்டுக்கொடுத்து வழக்குப் போடலாம். இரண்டு வழக்காகப் பிரிக்க முடியாது. பணம் தர வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். பழகிய வாடிக்கையாளர் ஆயிற்றே என்று தயங்கித் தயங்கி இந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

2. யார் மேல் வழக்கு? நான் தடுமாறியது இங்கேதான். இன்வாய்ஸில் கடையின் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் (ACRA) தேடினால் அந்தப் பெயருக்குப் பின்னால் வேறொரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் இருந்தது. அந்த நிறுவனம்தான் எதிர்த்தரப்பு, உங்களிடம் பேசிய முதலாளி அல்ல. ஒருவரே சொந்தமாக நடத்தும் தொழில் (sole proprietorship) என்றால் உரிமையாளரே பொறுப்பு. வழக்குப் பதியும்போது அக்ரா விவரத்தாள் எப்படியும் தேவைப்படும், அதனால் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

3. ஆதாரங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். விலைப்புள்ளி, அதற்கு அவர்கள் சொன்ன சம்மதம், இன்வாய்ஸ், நினைவூட்டல்கள். "கிடைத்தது, நன்றாக இருக்கிறது" என்று வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி பெரிய பலம். வேலை சரியில்லை என்று பின்னால் சொன்னால் அதைத்தான் காட்டப்போகிறீர்கள். கடைசியாகக் கெடு குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள்.

4. பதிவு. நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் சிங்பாஸ் (தனிநபருக்கான அரசு மின் அடையாளம்) அல்லது கார்ப்பாஸ் (நிறுவனங்களுக்கானது) மூலம் பதியலாம். வணிகங்களுக்குக் கட்டணம்: கோரிக்கை 5,000 வெள்ளி வரை என்றால் 50 வெள்ளி, 10,000 வரை 100, அதற்கு மேல் கோரிக்கைத் தொகையில் 3 விழுக்காடு. அப்புறம் வழக்கு அறிவிப்பை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிப்பது உங்கள் வேலை.

5. கலந்தாய்வு. முதலில் பதிவாளர் முன்னிலையில் பேச்சு நடக்கும். தவணையில் தருகிறேன் என்றால் யோசித்துப் பாருங்கள்; ஆனால் தேதியும் தொகையும் நீதிமன்ற உத்தரவாகவே பதிவாக வேண்டும். ஒத்துவராவிட்டால் நடுவர் முன் விசாரணை.

6. உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், நீதிமன்றத்தில் அமலாக்க உத்தரவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் செலவு உண்டு. அந்த நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.