மழைக்காலக் காய்ச்சலில் நாம் செய்யும் தவறுகள்

குலசேகரம், அருமனைப் பக்கம் மழையில் பால்வெட்டு நின்றுவிட்டால் ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையெல்லாம் தண்ணீர் நிறைந்து நிற்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும். தென்மேற்கு, வடகிழக்கு என்று நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்காமல் விடுவதுதான் முதல் தவறு.

காய்ச்சல் வந்ததும் மருந்துக்கடையில் 'செட் மாத்திரை' வாங்கி விழுங்குவது அடுத்தது. அதில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் பாக்டீரியாவைக் கொல்லும். டெங்கு வைரஸை ஒன்றும் செய்யாது. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், ஆஸ்பிரின் இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். பாராசிட்டமால் போதும், அதையும் டாக்டர் சொன்ன அளவில்.

"எனக்குத்தான் போன வருஷமே வந்துட்டே, இனி எங்க வரப்போவுது?" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். இந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு கிருமி உள்ளே வந்தால் நம் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு அதற்கென்றே ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும். அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் பிறகும் உடம்பில் தங்கும். அதே கிருமி மறுபடி வந்தால் சட்டென்று மடக்கிவிடும். அம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராதது இதனால்தான்.

டெங்குவில் கணக்கு வேறு. அந்த வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகைக்கு உண்டான ஆன்டிபாடி இன்னொரு வகையின் மேல் போய் ஒட்டும், ஆனால் அதை அடக்க முடியாமல் போகலாம். ஆன்டிபாடி ஒட்டியிருப்பதைப் பார்த்து வெள்ளை அணு வைரஸை விழுங்கும். வைரஸோ அந்த அணுவுக்குள்ளேயே பெருகும். இரண்டாவது முறை டெங்கு கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான். முன்பு வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

'எதிர்ப்பு சக்திப் பொடி' வாங்கும் காசுக்கு முட்டையும் மீனும் பயறும் வாங்கலாம்.

சரி, காய்ச்சல் விட்டுவிட்டது என்று உடனே வேலைக்குக் கிளம்புவதும் ஆபத்து. காய்ச்சல் தொடங்கி பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள், சூடு தணியும் நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கஞ்சித்தண்ணீர், இளநீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, தாங்கமுடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் பப்பாளி இலைச்சாறு கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அது நடுராத்திரியானாலும்.