தேய்ந்துபோன மிடி கீபோர்டு கட்டைகளைச் சீர்செய்வது எப்படி?

எந்தச் சுரம், எவ்வளவு பலமாக என்பதைக் கணினிக்கு எண்களாக அனுப்பும் குறைந்த விலை மிடி கீபோர்டுகளைத் தொடர்ந்து வாசித்துவரும்போது, ஒரு கட்டத்தில் சில கட்டைகள் மட்டும் முரண்டு பிடிக்கத் தொடங்கும். மென்மையாகத் தொட்டாலும் உச்ச ஒலியில் அலறும், அல்லது ஊன்றி அழுத்தினால்தான் ஒலிக்கும், அல்லது ஒரே அழுத்தத்துக்கு இருமுறை ஒலிக்கும். கட்டை தேய்ந்துவிட்டது, கீபோர்டு இனிப் பயன்படாது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்த முடிவு அவசரமானது. விரல் படுகின்ற பிளாஸ்டிக் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. கோளாறு அதன் அடியில் இருக்கும் ரப்பர் பட்டையிலோ, அந்த ரப்பர் தொடும் சர்க்யூட் போர்டிலோதான் இருக்கும். அதுவும் பெரும்பாலும் சுத்தம் செய்தாலே தீரக்கூடிய கோளாறாக இருக்கும். எங்கே கோளாறு என்பதைத் திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பெருமளவு கண்டுபிடித்துவிட முடியும்.

அதற்குக் கட்டை இயங்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே சிலிக்கோன் ரப்பரால் ஆன குமிழ் ஒன்று இருக்கும். அதன் உட்புறத்தில் இரண்டு கறுப்புக் கார்பன் பொட்டுகள் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருப்பதால், கட்டையை அழுத்தும்போது முதலில் ஒன்றும் அடுத்த கணத்தில் மற்றொன்றும் போர்டைத் தொடுகின்றன. இவ்விரு தொடுகைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கீபோர்டு அளக்கிறது. இடைவெளி குறைந்தால் பலமாக அடித்ததாகவும், கூடினால் மெதுவாகத் தொட்டதாகவும் எடுத்துக்கொண்டு, 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணை அனுப்புகிறது. வாசிப்பவர்கள் வெலாசிட்டி என்று சொல்வது இந்த எண்ணைத்தான். 1983-இல் வெளிவந்த மிடி நெறிமுறையில் வகுக்கப்பட்ட இந்த அளவையே இன்றைய மலிவு விலை கீபோர்டுகளும் பின்பற்றுகின்றன.

இப்போது முதல் பொட்டில் அழுக்குப் படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ரப்பர் இன்னும் கொஞ்சம் நசுங்கிய பிறகுதான் அது மின்னிணைப்பைத் தரும்; அதற்குள் இரண்டாவது பொட்டும் போர்டை நெருங்கிவிடும். இடைவெளி சுருங்கிவிடுவதால், நீங்கள் மெதுவாகத் தொட்டிருந்தாலும் கீபோர்டு அதை ஓங்கி அடித்ததாகப் புரிந்துகொண்டு 127-ஐ அனுப்பும். அழுக்கு இரண்டாவது பொட்டில் இருந்தால் நேர்மாறாக நடக்கும்: எண் வழக்கத்தைவிடத் தாழ்ந்து வரும், அல்லது கட்டை அடியோடு ஊமையாகிவிடும். தொடுகை நிலையாக இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தால் ஒரே அழுத்தம் இரண்டு சுரங்களாகப் பதிவாகும். முதல் பொட்டு அறவே தொடாமல் போகும்போது சில மாடல்கள் மௌனமாகின்றன, சில மாடல்கள் உச்ச எண்ணை அனுப்புகின்றன. ஆனால் கோளாறு தொடுகையில்தான் இருக்கிறது என்பதை எந்த மாடலிலும் இந்த எண்களே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த எண்களைக் கண்ணால் பார்க்க மிடி மானிட்டர் வகை மென்பொருள் ஒன்று போதும். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர், லினக்ஸில் ஏசெக்டம்ப் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையையும் முதலில் மெதுவாகவும், பிறகு நடுத்தரமாகவும், பிறகு பலமாகவும் அழுத்திப் பாருங்கள். வெலாசிட்டியுடன், எந்தக் கட்டை என்பதைச் சொல்லும் சுர எண்ணும் அதில் தெரியும். நடு ஸ்தாயி சி-யின் சுர எண் 60. 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு வழக்கமாக 36-இல் தொடங்கி 96-இல் முடியும். ஒரே அளவு அழுத்தத்துக்கு அக்கம்பக்கத்துக் கட்டைகள் வெலாசிட்டி 40, 45 என்று காட்டும்போது ஒரு கட்டை மட்டும் 127 காட்டினால் அதைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் காகிதம் பின்னர் கீபோர்டைத் திறக்கும்போது மிகவும் பயன்படும்.

பழுதான கட்டைகள் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டைகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நிரலுமாகப் பின்னப்பட்ட வலையாக, பல கீபோர்டுகளில் எட்டெட்டாகச் சேர்த்து, அவை கீபோர்டின் கட்டுப்பாட்டுச் சில்லுடன் இணைக்கப்பட்டிருக்கும். எனவே ஒவ்வொரு எட்டாவது கட்டையும் ஊமையாக இருந்தாலோ, அடுத்தடுத்த எட்டுக் கட்டைகள் ஒன்றாகச் செத்திருந்தாலோ, ரப்பரைக் குறை சொல்வதில் பயனில்லை. ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது போர்டில் ஒரு தடம் அறுந்திருக்கலாம். ஒரே ஒரு கட்டையில் ஒரு தொடுகை மட்டும் தொடர்ந்து தவறினால், சுத்தம் செய்த பிறகும் மாறாத நிலையில், அதற்குரிய டயோடை, அதாவது மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு உறுப்பை, சந்தேகிக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோளாறுகளும், அதிகம் வாசிக்கப்படும் நடுப்பகுதியில் குவிந்திருக்கும் கோளாறுகளுமே ரப்பரையும் அழுக்கையும் சுட்டிக்காட்டுகின்றன.

திறப்பதற்கு முன் இன்னும் சிலவற்றை ஒதுக்கிவிட வேண்டும். எல்லாக் கட்டைகளும் ஒரே எண்ணைக் காட்டினால் வெலாசிட்டி அமைப்பு மாறாத ஒரே எண்ணுக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள். சுரங்கள் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் சஸ்டெயின் பெடலைக் கழற்றிப் பாருங்கள். கீபோர்டை இயக்கும் தருணத்தில் பெடல் மிதிக்கப்பட்டிருந்தால், பல மாடல்கள் அதன் திசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளும். வேறொரு யூஎஸ்பி கேபிளையும் மாற்றிப் பார்க்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கீபோர்டு என்றால் திறக்கவே வேண்டாம்.

திறக்கும் வேலையில் பொறுமைதான் முக்கியம். எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, மெத்தென்ற துணியின்மேல் கீபோர்டைக் கவிழ்த்து வையுங்கள். திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது. நீளமான திருகைத் தவறான துளையில் போட்டால் அது மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆகவே ஓர் அட்டையில் கீபோர்டின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கே இருந்ததோ அங்கேயே அதைக் குத்தி வையுங்கள். மூடி அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலோ ஒட்டுத்தாளுக்குக் கீழோ இன்னொரு திருகு ஒளிந்திருக்கும். இரண்டு பாதிகளையும் மெல்ல ஒரு விரல் அளவுக்கு மட்டும் பிரித்து, இடையில் ஓடும் கேபிள்களைப் பார்த்த பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது, மீண்டும் பூட்டும்போது பெரும் உதவியாக இருக்கும்.

ரப்பர் பட்டைகள் பெரும்பாலும் 12 அல்லது 13 கட்டைகளுக்கு ஒன்றாக இருக்கும். அவற்றின் அடியில் உள்ள சிறு காம்புகள் போர்டின் துளைகளில் செருகப்பட்டிருக்கும். ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் காம்பு அறுந்துவிடும். காம்புக்கு மிக அருகில் பிடித்து, ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். பட்டையைத் திருப்பிப் பார்த்தால் நோய் கண்ணுக்கே தெரியும்: நல்ல பொட்டு மங்கலான கரி நிறத்தில் சீராக இருக்கும், பழுதானதில் நூலிழையோ, தூசியோ, கட்டையிலிருந்து வழிந்த கிரீஸின் பளபளப்போ ஒட்டியிருக்கும். நீங்கள் குறித்து வைத்த கட்டைகளின் பொட்டுகளை முதலில் பாருங்கள். எண்கள் சொன்னதும் கண் காண்பதும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

சுத்தம் செய்ய 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே ஏற்றது. 70 விழுக்காட்டுத் திரவத்தில் நீர் அதிகம் என்பதால் அது காய நேரமாகும். முதலில் மென்மையான தூரிகையால் உலர்ந்த தூசியை அகற்றுங்கள். பிறகு இழை உதிராத துணியைத் திரவத்தில் இலேசாக நனைத்து, போர்டில் சீப்புப் பற்கள் போலப் பின்னியிருக்கும் கறுப்புத் தடங்களை ஒரே திசையில் துடையுங்கள். மலிவு விலை போர்டுகளில் இந்தத் தடங்களும் கார்பன் பூச்சுதான். உப்புத்தாளோ அழிப்பானோ பட்டால் பூச்சே போய்விடும். ரப்பர் பொட்டுகளையும் அதேபோல ஓரிரு முறை மட்டும் ஒற்றித் துடைத்தால் போதும். துணியில் முதலில் கொஞ்சம் கறுப்பு ஒட்டுவது இயல்பு. மூன்றாவது, நான்காவது துடைப்பிலும் அதே அளவு கறுப்பு வந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். இனி வருவது அழுக்கு அல்ல, பொட்டின் கார்பன்.

அசிட்டோன், பெட்ரோல், துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். முதல் இரண்டும் பிளாஸ்டிக்கைக் கரைக்கவோ அதில் விரிசல் விழச் செய்யவோ கூடும். எண்ணெய் ஸ்பிரே ஒரு வாரம் நன்றாக இருப்பதாகத் தோன்றச் செய்துவிட்டு, பிறகு தூசியையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பட்டையைத் திரும்பப் பொருத்துவதற்கு முன் எல்லாம் முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். காம்புகளை முனை மழுங்கிய குச்சியால் துளைக்குள் தள்ளுங்கள். கூரிய கருவி ரப்பரைக் கிழித்துவிடும். ஒரு காம்பு சரியாக உட்காராமல் போனாலும் குமிழ் சாய்ந்து நின்று, சுத்தம் செய்வதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான எண்களைத் தரும்.

கார்பன் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் துடைப்பதால் பயனில்லை. மல்டிமீட்டரின் இரு முனைகளையும் பொட்டின்மேல் இலேசாக வைத்து, அதே பட்டையில் நன்றாக இயங்கும் பொட்டின் மின்தடையுடன் ஒப்பிடுங்கள். பலமடங்கு கூடுதலாகக் காட்டினால் அது தேய்ந்த பொட்டு. சிறந்த தீர்வு புதிய பட்டை. அது கிடைக்காவிட்டால், அதிகம் தொடப்படாத ஓர ஸ்தாயியின் பட்டையை நடுவுக்கும், நடுவில் தேய்ந்ததை ஓரத்துக்கும் மாற்றிப் பொருத்தலாம். இரண்டிலும் கட்டைகளின் எண்ணிக்கையும் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. செலவே இல்லாத இந்த வழியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். ரிமோட் பொத்தான்களுக்காக விற்கப்படும் கார்பன் பூச்சுத் திரவமும் உதவும். மெல்லிய ஒரே பூச்சாகத் தடவி, அதன் குறிப்பில் சொன்ன நேரம்வரை உலர விடுங்கள். தடித்துப் போனால் பொட்டின் உயரம் கூடி வெலாசிட்டி மாறிவிடும். பென்சில் கரியைத் தேய்ப்பது சில நாள் தாங்கும். உதிரும் கரித்தூள் பக்கத்துத் தடங்களுக்கிடையே பாலம் போட்டுவிடும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை.

எண்கள் சரியாக இருந்தும் கட்டை கடகடவென்று சத்தமிட்டாலோ, பள்ளமாகக் கிடந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, அது இயக்கப் பகுதியின் தேய்மானம். கட்டையின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் இருக்கும் ஃபெல்ட் (கம்பளி போன்ற மெத்தைத் துணி) பட்டை நசுங்கியிருந்தால் அதே தடிமனில் புதியதை ஒட்ட வேண்டும். தடிமன் மாறினால் கட்டை இறங்கும் தூரமும் மாறும். வழிகாட்டும் முனையில் காய்ந்த பழைய கிரீஸை முழுதாகத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாத சிலிக்கோன் கிரீஸை அரிசியளவு மட்டும் தடவுங்கள். ஸ்பிரிங் கழன்றிருந்தால் இடுக்கியால் மாட்டிவிடலாம். ஆனால் பல சிறிய கீபோர்டுகளில் ஸ்பிரிங்கே இருக்காது. கட்டையோடு சேர்த்து வார்க்கப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு வளைந்து நிமிர்ந்து அந்த வேலையைச் செய்யும். அது ஒடிந்தால் பசை நிற்காது. வளைய வேண்டிய இடத்தில் உடனடிப் பசை கண்ணாடி போல இறுகி மறுபடியும் ஒடியும். ஓர ஸ்தாயியிலிருந்து அதே எழுத்துக்குரிய கட்டையை எடுத்து மாற்றுவதே வழி. சி-க்கு சி, எஃப்-க்கு எஃப் என்றுதான் பொருந்தும். ஏனெனில் கறுப்புக் கட்டைக்கான வெட்டு ஒவ்வொன்றிலும் வேறுபடும்.

எல்லாத் திருகுகளையும் பூட்டுவதற்கு முன், நான்கைந்தை மட்டும் போட்டு கீபோர்டை நிமிர்த்தி, மிடி மானிட்டரில் ஒருமுறை முழுதாகச் சோதித்துவிடுங்கள். பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் திருகை முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றி, அது பழைய மரையில் விழும் உணர்வு கையில் பட்ட பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய மரை வெட்டி, பிடிமானம் போய்விடும். ஒரு சிறிய ஏற்றத்தாழ்வு மட்டும் மீந்திருந்தால் எந்த அழுத்தத்துக்கு எந்த எண் என்பதைத் தீர்மானிக்கும் கீபோர்டின் வெலாசிட்டி வளைவை மாற்றியோ, இசை மென்பொருளில் அந்தச் சுரத்தின் எண்ணுக்கு மேல்வரம்பு வைத்தோ சமாளிக்கலாம்.

அடுத்து ஒரு கீபோர்டை வாங்கும்போது, பழுதுபார்க்க ஏற்றதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கட்டைகள் தனித்தனியாகக் கழற்றக்கூடியவையா, ஸ்தாயி முழுவதும் ஒரே வார்ப்பா என்பது முதல் கேள்வி. ரப்பர் பட்டை உதிரிப் பாகமாகக் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. இத்தாலியின் ஃபாட்டார் நிறுவனத்தின் கட்டைத் தொகுதியைப் பல தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவதால் அவற்றுக்கு உதிரிகள் தேடுவது எளிது. மிகக் குறைந்த விலை மாடல்களில் அது அரிதாகவே இருக்கும். பயன்படுத்திய கீபோர்டை வாங்குவதானால் மடிக்கணினியில் மிடி மானிட்டரைத் திறந்துகொண்டு போய், நடு இரண்டு ஸ்தாயிகளை மட்டுமாவது மிக மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பலமாக அடிக்கும்போது தேய்ந்த பொட்டுகள் ஒளிந்துகொள்ளும். மென்மையான தொடுகையில்தான் அவை 127 என்று காட்டும்.