திராட்சைத் தோட்டத்தில் எலெக்ட்ரிக் டிராக்டர்: வசந்தகால வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரிக் டிராக்டர் பற்றிக் கேட்டால் முதலில் காதில் விழுவது "சொன்ன நேரம் ஓடவில்லை" என்ற புகார்தான். பெரும்பாலும் வண்டியில் குறை இருக்காது, விளம்பரத்தில் இருந்த மணிக்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு வேலையைத் திட்டமிட்டதுதான் தவறு. கலிபோர்னியாவில் நாபா, சொனோமா, லிவர்மோர் பக்கத்துத் தோட்டங்களில் அதிகம் பேசப்படும் மோனார்க் எம்கே-வி வண்டியையே எடுத்துக்கொள்வோம். பேட்டரி ஏறக்குறைய 100 யூனிட், தொடர்ந்து தரும் திறன் 40 எச்பி, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 70 எச்பி வரை போகும். 14 மணி நேரம் வரை ஓடும் என்று சொல்வது லேசான வேலைக்கு. 40 எச்பி என்பது 30 கிலோவாட், அதாவது முழுச் சுமையில் மணிக்கு 30 யூனிட் இழுக்கும், அப்படி இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடி நின்றுவிடும். இரண்டு கணக்கும் உண்மைதான். ஐரோப்பாவில் திராட்சை வரிசைக்கென்றே குறுகலாகச் செய்யப்படும் ஃபெண்ட் இ107 வி-க்கும் பேட்டரி 100 யூனிட்தான், அதற்கு அவர்கள் சொல்வது 4 முதல் 7 மணி நேரம்.

டீசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும், மீதி சூடாகப் போய்விடும். மின்மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. அப்படியும் 100 யூனிட் பேட்டரி கிட்டத்தட்ட 30 லிட்டர் டீசல் செய்யும் வேலையைத்தான் செய்யும். உங்கள் பழைய வண்டி எந்த வேலைக்கு மணிக்கு எத்தனை லிட்டர் குடித்தது என்று எழுதி வைத்திருந்தால், புது வண்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

கலிபோர்னியாவில் மார்ச், ஏப்ரலில் கொடி துளிர்க்கும். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பது போல் தலைக்கு மேல் பந்தல் கிடையாது, கம்பி கட்டிய வரிசைகள், நடுவே டிராக்டர் போகும் சந்து. குளிர்காலத்தில் மண்ணை மூடிக் காக்க அந்தச் சந்தில் வளர்த்த மூடுபயிரை வெட்ட வேண்டும், கொடிக்கு அடியில் களையெடுக்க வேண்டும், துளிர் சில அங்குலம் வந்ததும் சாம்பல் நோய்க்குக் கந்தகம் அடிக்கத் தொடங்க வேண்டும், அதையும் 7 முதல் 14 நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும்.

பேட்டரியை அதிகம் தின்பது இந்த மருந்தடிப்புதான். காற்றடிக்கும் ஸ்பிரேயரில் பம்பை விட விசிறிதான் சக்தியை விழுங்குகிறது, கோடையில் இலை அடர்ந்த கொடிக்கு வைத்த அதே வேகத்தில் ஏப்ரலிலும் ஓட்டுகிறார்கள். விசிறி இழுக்கும் சக்தி அதன் வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும், குறைவதும் அப்படித்தான். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும்! சின்னத் துளிருக்கு அவ்வளவு காற்று தேவையும் இல்லை, மருந்து துளிரைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் பறக்கும். விசிறிக்குத் தனி கியர் இருந்தால் கீழ் கியரில் போடுங்கள், மேல் நாசில்களை மூடுங்கள். வெறுமனே பி.டி.ஓ. (டிராக்டரிலிருந்து கருவிக்குச் சக்தி தரும் சுழல்தண்டு) வேகத்தை மட்டும் குறைத்தால் பம்பும் சேர்ந்து மெதுவாகும் என்பதால், அழுத்தத்தையும் மருந்து விழும் அளவையும் மறுபடி அளந்து சரி பார்த்த பிறகே தோட்டத்துக்குள் போக வேண்டும்.

அப்புறம் இரவு. காற்று அடங்கியிருக்கும், தேனீ வராது என்பதால் பலர் இரவில்தான் மருந்தடிக்கிறார்கள், ஆனால் மின்சாரம் மலிவாகக் கிடைப்பதும் அதே இரவில்தான். கலிபோர்னியாவில் மாலை 4, 5 மணியிலிருந்து இரவு 8, 9 வரை கட்டணம் அதிகம், அதற்குப் பிறகு குறையும். டிராக்டர் ஒரே நேரத்தில் வரிசைக்குள்ளும் சார்ஜரிலும் நிற்க முடியாது. மருந்தடிக்கும் வாரங்களில் பகலில் சார்ஜ் ஏற்றுவதா, மாற்றுப் பேட்டரி வைத்துக்கொள்வதா, பாதித் தோட்டத்தை ஒரு இரவிலும் மீதியை மறு இரவிலும் அடிப்பதா என்பதைப் பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மழை விட்டு ஒரு நாள் மட்டும் கிடைக்கும் இடைவெளியில் உட்கார்ந்து யோசிக்க நேரமிருக்காது.

சார்ஜரையும் சின்னதாகப் போட்டுவிடுகிறார்கள். 240 வோல்ட், 80 ஆம்பியர் இணைப்பு என்றால் 19 கிலோவாட், ஐந்தாறு மணி நேரத்தில் பேட்டரி நிரம்பும். வீட்டுக் காருக்குப் போடும் 32 ஆம்பியர் இணைப்பில் 13 மணி நேரம் ஆகும், அதாவது மறுநாள் காலை வேலை போச்சு. இன்னொன்று, உறைபனியிலிருந்து துளிரைக் காக்கத் தண்ணீர் தெளிக்கும் தோட்டங்களில் அந்தப் பம்பும் சார்ஜரும் ஒரே இணைப்பில் இருந்தால் பனி இரவில் இரண்டும் சேர்ந்து இழுக்கும். பிரேக்கர் விழுந்து பம்பு நின்றால் அந்த வருட விளைச்சலே ஆபத்தில் மாட்டும். சார்ஜருக்குத் தனி சர்க்யூட் வேண்டும், பனி எச்சரிக்கை வந்த இரவில் பம்புக்குத்தான் முதலிடம்.

அதே குளிர் பேட்டரியையும் பாதிக்கும். லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, போன திறன் திரும்பி வராது. முந்தின வேலை முடிந்து பேட்டரி இன்னும் சூடாக இருக்கும்போதே, கொட்டகைக்குள் வைத்து சார்ஜ் போடுவது நல்லது. ஆனால் கந்தக மூட்டைகள் இருக்கும் கொட்டகையில் வேண்டவே வேண்டாம், கந்தகத் தூள் தீப்பிடிக்கும்.

மூடுபயிர் இடுப்பளவு வளரும் வரை விட்டுவிட்டு ஈரத்தோடு வெட்டுவது இன்னொரு தவறு. பேட்டரி வேகமாகக் கரைவது ஒரு பக்கம், உயரமான பயிர் மண்ணில் வெயில் படாமல் மறைத்து உறைபனி ஆபத்தைக் கூட்டுவது இன்னொரு பக்கம். துளிர் வரும் முன்பே வெட்டிவிட்டால் இரண்டும் தீரும். மண் நசுங்கும் அளவு ஈரமாக இருந்தால் மட்டும் காத்திருங்கள், பேட்டரி வண்டி கனமானது, மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் தரும் என்பதால் சக்கரம் சறுக்கிச் சேற்றைப் பிசைந்துவிடும்.

சரிவான தோட்டமென்றால் மேட்டில் நிறுத்தி நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு நேரே கீழே இறங்காதீர்கள். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும் வண்டிகளில், பேட்டரி நிறைந்திருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமிருக்காது, மோட்டார் பிடிப்பு குறையும். பின்னால் நிறைந்த டேங்க் வேறு தள்ளும்.

சத்தம் இல்லாதது பெரிய நிம்மதி, ஆனால் வரிசைக்குள் குனிந்து வேண்டாத துளிரைக் கிள்ளிக்கொண்டிருப்பவருக்கு வண்டி வருவதே தெரியாது. விளக்கும் ஹாரனும் மட்டும் போதாது, ஆள் வேலை செய்யும் வரிசைக்குள் வண்டி போகக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்துவிட வேண்டும். தானாக ஓடும் வசதி இருக்கிறதே, ஓட்டுநர் கூலி மிச்சம் என்று கணக்குப் போட்டு வாங்குவதும் கலிபோர்னியாவில் சிக்கல்தான். தானே நகரும் பண்ணை வண்டியின் கட்டுப்பாட்டில் ஆள் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதி அங்கே 1970களிலிருந்தே இருக்கிறது, அதை மாற்றக் கோரி மோனார்க் கொடுத்த மனுவை 2022இல் மாநில வாரியம் நிராகரித்தது.

வாங்கும் முன் விற்பனையாளரிடம் ஹைட்ராலிக் எண்ணெய் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்று கேளுங்கள், கொடிக்கு அடியில் களையெடுக்கும் கருவி பலவற்றுக்கு எச்பியை விட அதுதான் முக்கியம். உதிரிபாகமும் மென்பொருளும் பழுதுபார்ப்பும் யார் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நிறுவனமே நொடிந்துபோகலாம்: சோலெக்ட்ராக் என்ற எலெக்ட்ரிக் டிராக்டர்களின் தாய் நிறுவனமான ஐடியானாமிக்ஸ் 2024 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது.