வெளிநாட்டில் ஆப்பிரிக்க விருந்து: நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாம்பழக் கூழ் ஏற்றுமதி, கிரானைட் வியாபாரம், ஓசூர் கம்பெனி வேலை என்று கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து லண்டனுக்கும் பாரிசுக்கும் போய் வருகிறவர்கள் உண்டு. அங்கே ஆப்பிரிக்கச் சமையலைப் புதுப் பாணியில் பரிமாறும் உயர்தர உணவகத்துக்கு யாராவது அழைத்தால், "நமக்கு ஒத்துக்காது" என்று அறையிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு கிளம்புவதுதான் முதல் தவறு. கேழ்வரகு முதலில் பயிரானதே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில்தான். உகாண்டாவில் இன்றும் அந்த மாவில் களி கிண்டுகிறார்கள். கானா, நைஜீரியா பக்கம் மரவள்ளியை வேகவைத்து இடித்து ஃபூஃபூ செய்வார்கள். அதைக் கொஞ்சம் கிள்ளி, கெட்டியான குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். களி உருண்டையைக் கீரைக் கடைசலில் தொட்டு விழுங்கிப் பழகியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே சமையல் என்று நினைப்பதும் தவறு. எத்தியோப்பியாவில் மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோல் சுடும் இஞ்செரா வேறு, மொராக்கோவில் மண்சட்டியில் மெதுவாக வேகவைக்கும் தஜீன் வேறு. கலப்புப் பாணி உணவகமென்றால் இன்னும் மாறும். பாரிசில் 2020இல் மோரி சாக்கோ என்ற சமையல் கலைஞர் தொடங்கிய மோசுகே உணவகம், மேற்கு ஆப்பிரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் மூன்றையும் சேர்த்துச் சமைக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் தக்காளி, மிளகாய் சேர்த்து வேகவைக்கும் மேற்கு ஆப்பிரிக்க ஜொலோஃப் சோறு தட்டு நிறைய வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சின்னச் சின்ன அளவில் ஒவ்வொன்றாக வரும், இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களும் புரட்டாசி விரதம் இருக்கிறவர்களும் செய்யும் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மேசையில் உட்கார்ந்த பிறகு "நான் வெஜிடேரியன்" என்பார்கள். அதற்குள் குழம்பின் அடிப்படை தயாராகியிருக்கும். எகுசி என்ற குழம்பைப் பாருங்கள்: ஒருவகை முலாம்பழ விதையை அரைத்து, கீரை போட்டுச் செய்வது. பார்வைக்கு முழுச் சைவம். ஆனால் வழக்கமாக அதில் உலர்ந்த இறால் பொடி சேரும், கருவாடும் சேரலாம். ஜொலோஃப் சோற்றையே கோழிச் சாற்றில் வேகவைப்பதுண்டு. எனவே முன்பதிவு செய்யும்போதே "இறைச்சி, மீன், இறால், இவற்றின் சாறு, பொடி எதுவும் வேண்டாம்" என்று எழுத்தில் தெரிவியுங்கள். "சைவம்" என்ற ஒரு சொல் போதாது. வேர்க்கடலை ஒவ்வாதவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும், சுடும் இறைச்சியில் தடவும் சூயா மசாலாவிலேயே அது இருக்கும். எத்தியோப்பியச் சமையலில் இந்தக் கவலை குறைவு. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் இறைச்சியும் பாலும் இல்லாத விரத உணவு சாப்பிடுகிறார்கள். விரதத் தட்டு கிடைக்குமா என்று கேட்டால் பருப்பும் காய்கறியும் இஞ்செரா மேல் வரும்.

அப்புறம், காரம். "நாங்க சாப்பிடாத காரமா" என்று கூடுதலாகக் கேட்டு வாங்காதீர்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சமையலில் சேரும் ஸ்காட்ச் பானட் மிளகாயின் காரம், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் ஒரு லட்சத்துக்குக் குறையாது, மூன்றரை லட்சம் வரை போகும். நம் குண்டூர் மிளகாய் அதன் பக்கத்தில் வராது. முதலில் விரல் நுனியளவு தொட்டுப் பாருங்கள்.

கையால் சாப்பிடக் கூச்சப்படவும் வேண்டாம். இஞ்செராவுக்கும் ஃபூஃபூவுக்கும் வலது கைதான் முறை. மற்றவற்றுக்குக் கரண்டி வைத்திருந்தால் கரண்டி.

பில் வந்ததும் அவசரப்படாதீர்கள். லண்டனில் பல இடங்களில் 12.5 சதவீத சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் தனியாக டிப்ஸ் வைத்தால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். கார்டு மெஷின் "ரூபாயிலா, பவுண்டிலா" என்று கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அந்த மெஷின்காரர்கள் வைத்த விலைக்கே பணம் மாறும், அது பெரும்பாலும் நம் வங்கி விலையைவிட அதிகம்.