பச்சிளங்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால்: குடல் முறுக்கைக் கண்டுகொள்வது எப்படி?

பால் குடித்த கையோடு குழந்தை கொஞ்சம் கக்கும். அது வெள்ளையாகவோ திரிந்தோ வந்தால் பெரும்பாலும் பயமில்லை. பச்சையாக வந்தால் ஒரு தடவையே போதும், உடனே கிளம்ப வேண்டும். அந்தப் பச்சை நிறம் பித்தநீருடையது. பித்தநீர் இரைப்பையைத் தாண்டித்தான் குடலில் சேர்கிறது. அது வாய்க்கு வருகிறதென்றால், அதற்கும் கீழே குடல் அடைபட்டிருக்கலாம்.

கருவில் குடல் 270 டிகிரி சுழன்று தன் இடத்தில் பதிய வேண்டும். சில குழந்தைகளுக்கு அது அரைகுறையாக நின்றுவிடும். சரியாகப் பதியாத சிறுகுடல் ஒரு குறுகிய பிடிப்பில் தொங்கி, ரத்தக்குழாயோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். ரத்தம் போகாமல் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கலாம். பெரும்பாலும் பிறந்த முதல் மாதத்தில்தான் இப்படி ஆகும் என்றாலும், எந்த வயதிலும் வரலாம்.

நிறத்தை வெள்ளைத் துணியில், வெளிச்சத்தில் பாருங்கள். முதல் சில நாட்களில் சீம்பால் மஞ்சளாக வரும். இலைப்பச்சை, பாசிப்பச்சை வேறு. மஞ்சளா பச்சையா என்று சந்தேகம் வந்தாலும் காட்டிவிடுங்கள். போனில் எடுத்த படத்தில் நிறம் மாறித் தெரியும். கறைபட்ட துணியையே கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

"வயிறு மெத்தென்றுதானே இருக்கு, வெளிக்கும் போகுதே" என்று காத்திருப்பதுதான் ஆபத்து. அடைப்பு குடலின் மேற்பகுதியில் இருப்பதால் வயிறு தொடக்கத்தில் உப்பாது. கீழே தங்கிய மலமும் வழக்கம்போலப் போகும். வயிறு உப்பி இறுகுவது, மலத்தில் ரத்தம், கைகால் சில்லிடுவது, அழக்கூடத் தெம்பில்லாமல் துவள்வது எல்லாம் முற்றிய நிலை. அதுவரை பொறுக்கவே கூடாது.

பால் உட்பட வாய்வழியாக எதுவும் வேண்டாம். கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், வசம்பு எதுவும் ஆகாது. தொக்கம் எடுக்கவோ உரம் தட்டவோ கூட்டிப்போய் நேரத்தைத் தொலைக்காதீர்கள். தமிழ்நாட்டில் என்றால் 108-ஐ அழைத்து, குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வழியில் குழந்தையை ஒருக்களித்து, கதகதப்பாக வைத்திருங்கள்.

போனதும் முதல் வார்த்தையாகப் "பச்சை வாந்தி" என்று சொல்லுங்கள். பிறகு எத்தனை நாள் குழந்தை, கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது. சாதாரண எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் முறுக்கு இல்லை என்று ஆகிவிடாது. மருந்து கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேவோ, ரத்தக்குழாய் சுழன்றிருப்பதைக் காட்டும் அல்ட்ராசவுண்டு ஸ்கேனோ தேவையா என்று கேளுங்கள்.