சாளை கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இளம் பொறியாளர் ஒருவர் தாம் கட்டவிருக்கும் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். மேலே ‘இயற்கையோடு இயைந்த இல்லம்’ என்று எழுதியிருந்தது. நிலத்தின் சரிவு எந்தப் பக்கம் என்று கேட்டேன். “அதைத்தான் பொக்லைன் விட்டு லெவல் பண்ணியாச்சுங்களே” என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே பதில். கலவைக்கும் கம்பிக்கும் உரிய பாடங்களை மேஸ்திரிகளே சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

நிலத்தைச் சமன் செய்துவிட்டு வரைபடம் போடுவது

உடுமலைக்குக் கிழக்கே என் பெரியப்பாவுக்கு 18 சென்ட் கரிசல் நிலத்தில் ஒரு சாளை கட்டிக் கொடுத்தேன். மேற்கிலிருந்து கிழக்காக மூன்றடி சரிவு. நடுவே முழங்கால் ஆழத்துக்குக் கோணலாக ஒரு தாழ்வு. கொங்கு நாட்டில் பள்ளம் என்பது வெறும் குழியைக் குறிப்பதன்று, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் சிற்றோடைக்கும் அதுவே பெயர் என்பதை அங்கேயே பிறந்து வளர்ந்த நான் மறந்துபோனேன். “தம்பி, ஐப்பசிக்கு அதுல தண்ணி வருமுங்க” என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னபோது சித்திரை மாதம். தரை வெடித்துக் கிடந்தது. சிரித்துவிட்டுக் கிராவல் மண் கொட்டி மேடாக்கினேன், சுற்றிலும் கருங்கல் மதிலும் எழுப்பினேன்.

இந்த வட்டாரத்தில் மழை குறைவு. அதிலும் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஆண்டு மேற்குக் காடுகளிலிருந்து வந்த தண்ணீர், தன் வழியை மதில் மறித்ததால், சுவரோரமாகவே நான்கு நாட்கள் தேங்கி நின்றது. கரிசல் மண்ணின் களி ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டின் மேற்குப் பக்கம் மட்டும் நனைந்து உப்ப, கிழக்குப் பக்கம் காய்ந்தபடியே இருந்தது. தை மாதம் பெரியப்பா கூப்பிட்டுக் காட்டினார்: சன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசையைத் தொற்றிக்கொண்டு படிக்கட்டுப் போல ஏறிய விரிசல், ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு. அவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரை மட்டும் அருகில் நிறுத்திவைத்திருந்தார்.

மதிலை இடித்துப் பள்ளத்தைத் திரும்பத் தோண்டி, சுவரைச் சுற்றி நீர் இறங்காதபடி கல் பாவி, விரிசலைத் தைத்து முடிக்கும்போது, கட்டிய செலவில் ஐந்தில் ஒரு பங்கு மீண்டும் போயிருந்தது. ஆழமான கரிசலில் அண்டர் ரீம் பைல்கள் எனப்படும், அடியில் குமிழாக விரியும் கான்கிரீட் அஸ்திவாரத் தூண்களைக் குறைந்தது 3.5 மீட்டர் இறக்கியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எந்த அஸ்திவாரமும் மறித்த நீருக்கு வழிவிடப் போவதில்லை.

இப்போது நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து வரையும் காண்டூர் சர்வே முடியாமல் நான் பென்சிலைத் தொடுவதில்லை. சரிவு, பாறை, மரம், நீர்வழி நான்கும் தாளில் ஏற வேண்டும். வீட்டைச் சரிவுக்கேற்ப இரண்டு மட்டங்களாகப் பிரித்து, நடுவே மூன்று படி வைத்தால் மண் கொட்டும் செலவே பாதியாகக் குறையும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அருவிமேல் நிற்கும் ஃபாலிங்வாட்டர் வீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டி அதுபோல் வேண்டும் என்போர் பலர். அதை வடிவமைத்த ஃபிராங்க் லாயிட் ரைட், 1935இல் பாறைகளும் மரங்களும் குறிக்கப்பட்ட நில அளவை வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார் என்பதையும், அங்கிருந்த பாறை அந்த வீட்டின் கணப்பு அடுப்புக்கு முன்னே தரையாகவே கிடக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

மலையைப் பார்க்க மேற்கே கண்ணாடிச் சுவர்

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர்ப் பக்கம் வெள்ளியங்கிரி மலை மேற்கில் நிற்பதால் இந்த ஆசை எழுகிறது. உச்சி வெயிலை இரண்டடி சன்சேடு தடுத்துவிடும். தாழ்ந்து வரும் மாலை வெயிலை எந்தச் சன்சேடும் தடுக்காது. திரை வாங்கி மூடிய பிறகு மலையும் தெரியாது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்கும் நுழையும் வழியும் வெளியேறும் வழியும் வேண்டும். திறக்க முடியாத கண்ணாடி அதையும் கெடுத்துவிடுகிறது. ஆழமான திண்ணையும், அதற்குப் பின்னால் அளவான, திறந்து மூடும் சன்னல்களும் மலையையும் காற்றையும் ஒருங்கே தரும்.

வடக்குச் சுவருக்கு வெயில் வராது என்று நம்புவது

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அங்கும் சன்சேடு வையுங்கள்.

மூலையில் நிற்கும் வேம்பை வெட்டுவது

வெட்டாதீர்கள். வீட்டைத் தள்ளிக் கட்டுங்கள். கரிசலாக இருந்தால் இன்னும் நன்றாகத் தள்ளி; வேர் ஈரத்தை இழுத்தால் அந்த மண் சுருங்கும்.

ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்ச்சிக் கொரியன் புல்தரை வளர்ப்பது

கொழுக்கட்டைப்புல் தானாக முளைக்கும் ஊரில் இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

கருங்கல் மதில்

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், உள்ளதுபோலக் கிளுவைப் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நட்டு வேலி அமையுங்கள். நீரும் காற்றும் அதனூடே போகும். பெரியப்பா வீட்டு மதிலில் இடித்த இருபதடியில் இன்று கிளுவைதான் நிற்கிறது; ஐப்பசியில் தண்ணீர் அதன் வழியாகத்தான் போகிறது.