வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது எப்படி

ஐசியூ வாசலில், "வென்டிலேட்டர் போடலாமா, இல்ல கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டால் ராயபுரமானாலும் காசிமேடானாலும் குடும்பத்துக்குக் கை நடுங்கும். அந்த முடிவை நோயாளியே முன்பே எழுதிவைக்கலாம்; இதற்கு 'லிவிங் வில்' (வாழும்போதே பயன்படும் மருத்துவ உயில், சொத்து உயில் அல்ல) என்று பெயர். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. மாஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும் என்ற நிபந்தனைதான் பெரிய முட்டுக்கட்டை; 2023 ஜனவரியில் அதை நீக்கிவிட்டது. தனிச் சட்டம் வரும்வரை இந்தத் தீர்ப்பே சட்டம்.

18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருந்தால் போதும். வாசகத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். "என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்" என்று எழுதினால் பயனில்லை. தெளிவில்லாத உயிலை மருத்துவக் குழு ஏற்காது. 'குணமாக வழியில்லை என்று மருத்துவர்கள் முடிவு செய்து, நானே முடிவெடுக்க முடியாத நிலையில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், குழாய் வழி உணவு வேண்டாம். வலி நிவாரணம் தொடர வேண்டும்' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஊசி போட்டு உயிரை முடிக்கச் சொல்லி எழுத முடியாது.

உங்களுக்காகப் பேசுபவர்களின் பெயர் அவசியம். துபாயில் இருக்கும் மகனை மட்டும் எழுதாமல், கூப்பிட்டால் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடிவரக்கூடிய ஒருவரையும் சேருங்கள்.

இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். இயன்றவரை சொத்தில் பங்கில்லாதவர்களாக இருக்கட்டும். பிறகு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளிக்க வேண்டும். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றி நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை.

நகல்கள்: பெயர் குறித்தவர்களுக்கு, குடும்ப டாக்டருக்கு, மாநகராட்சிக்கு. மாநகராட்சி நகலைத் தவிர்க்காதீர்கள். உயில் உண்மையா என்று மருத்துவமனை சரிபார்ப்பது டிஜிட்டல் மருத்துவப் பதிவிலோ மாநகராட்சியில் அந்த நகலைப் பாதுகாக்கும் அதிகாரியிடமோதான். மண்டல அலுவலக கவுண்டரில் இது என்னவென்றே தெரியாமல் திருப்பி அனுப்பக்கூடும். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். அசலை பேங்க் லாக்கரில் பூட்டினால் ராத்திரி 2 மணிக்கு யார் எடுப்பது?

மருத்துவமனையில் சிகிச்சை தரும் மருத்துவரும் 5 ஆண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் முதலில் பார்ப்பார்கள், அடுத்து இரண்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்தில் தன் முடிவைச் சொல்ல வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

மனம் மாறினால் எழுத்தில் ரத்து செய்யலாம். ரத்து செய்யாமல் இரண்டு உயில் இருந்தால், கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும்.